அரசேட்டில் இல்லாத ஐயாவின் சரித்திரம்

ஐயா துணை

சாமிதோப்பில் 1809-ம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஒரு திருக்குழந்தை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பேரிட்டார்கள். தாழ்ந்த சாதிப் பிள்ளைக்கு இந்தப் பேர் ஆகாது என்று மேல்சாதியார் தடுத்தார்கள். பேர் முத்துக்குட்டி என்று மாறியது. பிள்ளையின் பேரைக்கூடப் பெற்றவர்கள் விருப்பப்படி வைக்க முடியாத காலம் அது.

அன்றைய திருவிதாங்கூரில் பனையேறும் மக்களுக்குத் தலைவரி உண்டு. பனையேறும் ஏணிக்கும் வரி, காலில் போடும் தளைக்கும் வரி. கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது.

கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833-ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து ஐயா வைகுண்டராக எழுந்தருளினார். சாமிதோப்புக்கு வந்து ஆறு ஆண்டு தவமிருந்தார். பல சாதி மக்களும் அவரைத் தேடி வந்தார்கள். ஆடு கோழி பலியிட வேண்டாம், காணிக்கை வேண்டாம், தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்று ஐயா போதித்தார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடினார்கள். ஆண்கள் தலைப்பாகையுடன் பதிக்குள் வந்தார்கள்.

இதைக் கேட்ட சுவாதித் திருநாள் மன்னர் 1838-ல் ஐயாவைச் சிறைபிடித்தார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் ஐயா பாடுபட்டார். பட்டினி போட்ட புலியின் முன்னே நிறுத்தியும் புலி அவரைத் தீண்டவில்லை. 1839 மாசியில் விடுதலையாகிச் சாமிதோப்பு திரும்பினார். பிறகு வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் 700 குடும்பங்கள் துவையல் தவசு செய்தன. 1851 வைகாசியில் ஐயா வைகுண்டம் எழுந்தருளினார்.

இத்தனையும் நடந்த நாட்டின் சரித்திரத்தில் இதற்கு எவ்வளவு இடம்? சுவாதித் திருநாளின் சங்கீதத்தைப் புத்தகங்கள் விரிவாகப் பேசுகின்றன. அவர் ஆட்சியின் சிங்காரத்தோப்புச் சிறையைப் பேசுவது அரிது. அக்காலத்து இலண்டன் மிஷன் பாதிரிமார் தங்கள் அறிக்கைகளில் ஐயாவழியைக் குறித்தார்கள். தங்கள் மதம் பரவ இது தடையாயிற்றே என்ற வருத்தத்தில் குறித்தார்கள். இன்றும் மக்கள்தொகைக் கணக்கில் ஐயாவழி மக்கள் தனியாக எண்ணப்படுவதில்லை. இந்து என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். எத்தனை பதி, எத்தனை நிழல்தாங்கல், எத்தனை பேர் என்பதற்கு அரசிடம் கணக்கில்லை.

ஆனாலும் ஐயாவின் சரித்திரம் அழியவில்லை. 1841-ல் சகாதேவன் சீடராகிய அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டை ஏட்டில் எழுதினார். அது அச்சேறியது 1939-ல்தான். இடையில் 98 ஆண்டு அதைக் காத்தது பனையோலையும், ஏட்டைப் படித்தவர் நாவும், கேட்டவர் நெஞ்சும்தான். எந்தப் பனைக்காக வரி கட்டி அழுதார்களோ, அந்தப் பனையின் ஓலையே அவர்கள் சரித்திரத்தைச் சுமந்தது.

அன்புக்கொடி மக்களே! உங்கள் ஊர் நிழல்தாங்கலை யார் எந்த ஆண்டில் எழுப்பினார்கள், முதலில் திருஏடு வாசித்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருஏடு வாசிப்புக்குப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தலைப்பாகை கட்டும்போது, அது ஒரு காலத்தில் குற்றமாக இருந்ததைச் சொல்லிக் கொடுங்கள். அரசேடு எழுதாததை நம் வீட்டு ஏடு எழுதட்டும்.

ஐயா உண்டு.