கும்பகோணத்தில் ஒரு கவிப் பரீட்சை

1880-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். காவிரிக் கரையில் உள்ள கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் ஆசிரியர்கள் கூடியிருக்கிறார்கள். ஆங்கிலம், கணிதம், சரித்திரம், சமஸ்கிருதம் எனத் தத்தம் துறையில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் முன்னால் ஓர் இளைஞர் நிற்கிறார். வயது இன்னும் இருபத்தைந்து நிரம்பவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவர் அல்லர். பட்டம் எதுவும் இல்லை.

தமிழ் நூல்களில் சில கேள்விகள் கேட்டார்கள். அவர் விடை சொன்னார். அதோடு விடவில்லை. அப்பொழுதே, அவ்விடத்திலேயே, புதிதாக ஒரு செய்யுள் பாட வேண்டும் என்றார்கள்.

அந்த ஒரு செய்யுளில் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. மறைந்த ஆசிரியர் ஒருவரின் பெயரும் இருந்தது. அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் தமிழுலகம் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடிய உ. வே. சாமிநாதையர்.

ஊர் ஊராக

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் சாமிநாதையரின் ஊர். பிறந்தது 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணக் கதை சொல்லி, ஊரார் அன்போடு தந்த நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பம் நடத்தியவர். ஒரே ஊரில் நிலையாகத் தங்க வழியில்லாத வாழ்க்கை அது.

மகனைச் சங்கீதத்தில் விடவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பித்து. அந்தப் பித்தைக் கண்ட தந்தை, தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பத்தைக் கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்று ஆசிரியர்கள் மாறினார்கள். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் ஆயிற்று.

காரிகை என்பது செய்யுள் கட்டுவோருக்கு அளவுகோல். சீர், தளை, எதுகை, மோனை எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. கட்டளைக் கலித்துறை பாடுவதென்றால், நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கப் பதினாறு எழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பாட்டுக் கெட்டது. இந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தால் மட்டும் போதாது. நாவிலும் காதிலும் ஊறவேண்டும்.

மாயூரத்தில் குருகுலம்

அப்படி ஊற வைத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871-ம் ஆண்டில் தந்தையும் மகனும் மாயூரத்தில் அவர் வீட்டை அடைந்தார்கள். பிள்ளை உடனே இசைந்துவிடவில்லை. மாணவர்கள் வருவதும், சில நாள் இருந்துவிட்டுச் சொல்லாமல் போவதும் அவருக்குப் பழகிப் போயிருந்தது. நைடதத்தில் சில பாட்டைச் சொல்லச் சொன்னார். நிகண்டு மனப்பாடம் உண்டா என்று கேட்டார். பையன் தடையின்றி ஒப்பித்தான். இடம் கிடைத்தது.

அங்கே படித்த சிறு நூல்களில் ஒன்று பிள்ளை அவர்களே பாடிய திருக்குடந்தைத் திரிபந்தாதி. குடந்தை என்பது கும்பகோணம். எந்த ஊரைப் பற்றிய பாட்டை அன்று படித்தாரோ, அதே ஊரில் பின்னர் தாமே பாட்டுப் பாடிக் காட்ட வேண்டி வரும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையின் குருகுலத்தில் பெரிய பாடம் பாடம் சொல்லும் நேரத்தில் நடந்ததன்று. அவர் புராணம் பாடும்போது நடந்தது. அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுத வேண்டும். எழுதுகிற கை நின்றாலும் நிற்குமே தவிர, பாடுகிற வாய் நிற்காது. ஒரு பெரும் புலவரின் மனத்தில் செய்யுள் உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் சாமிநாதையருக்கு ஐந்து ஆண்டுகள் வாய்த்தது.

1876-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி பிள்ளை காலமானார். அதன் பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். தாமே பாடமும் சொன்னார். சாமிநாதையர் மடத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லலானார்.

செட்டியார் வந்தார்

கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரே; சாமிநாதையருக்கு மூத்தவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஓய்வு பெறும் வேளை வந்ததும், தம் இடத்துக்குத் தம் ஆசிரியரின் மாணவரே வரவேண்டும் என்று தீர்மானித்தார். திருவாவடுதுறைக்கு வந்து தேசிகரிடம் சாமிநாதையரைக் கேட்டார்.

தேசிகருக்குப் பிரிய மனமில்லை. சாமிநாதையருக்கும் மடத்தை விட்டுப் போக மனமில்லை. ஆனால் வயதான தாய் தந்தையர் இருந்தார்கள். நிலையான சம்பளம் என்பதை அந்தக் குடும்பம் கண்டதே இல்லை. முடிவில் தேசிகர் இசைந்தார். நற்சாட்சிப் பத்திரமும் தந்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

கல்லூரித் தலைவர் கோபாலராவ். அவரிடம் செட்டியாரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் சிபாரிசு வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே நின்று பதில் சொல்ல வேண்டியவர் சாமிநாதையர் ஒருவரே.

செட்டியார் இருந்த இடத்துக்குத் தாம் வருவதையே பொருளாக வைத்துப் பாட்டுக் கேட்டார்கள். தர்மசங்கடமான பொருள்! தம்மை உயர்த்திப் பாடினால் அகந்தை என்பார்கள். மிகவும் தாழ்த்திப் பாடினால், தகுதியில்லை என்று தாமே ஒப்புக்கொண்டது போலாகும். சாமிநாதையர் செட்டியாரின் பெருமையை முன்னே வைத்தார்; தம் பணிவைப் பின்னே வைத்தார். செய்யுள் பிறந்தது. சபை மகிழ்ந்தது. செட்டியார் முகம் மலர்ந்தது.

பிப்ரவரி 16-ந் தேதி அவர் வேலையை ஏற்றார். இருபத்தைந்து வயது நிறைய மூன்றே நாள் பாக்கி. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய்.

மற்றொரு பரீட்சை

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஒரு நல்ல பண்டிதரின் கதையாகவே நின்றிருக்கும். அதே ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே சொன்னார் சாமிநாதையர். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை!

ஆசிரியர் சபையில் தேறியவர் ஒரு முன்சீபின் முன்னால் தேறவில்லை. ஆனால் அவர் வெட்கி ஒதுங்கிவிடவில்லை. ஏடுகளைத் தேடினார், மாணவனாகி மறுபடியும் படிக்கத் தொடங்கினார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அடுத்து 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று செல்லரித்த ஏடுகளில் இருந்த செல்வம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி அவர் மறையும் வரை அந்தப் பணி ஓயவில்லை.

முதல் முறையாகப் போட்டிக்கு எழுத உட்காரும் இளைஞர்கள், கடைசி நாள் நெருங்கும்போதுதான் பேனாவைத் தேடுகிறார்கள். சாமிநாதையர் அன்று பாடியது ஒரே ஒரு செய்யுள். அதற்குப் பின்னால் ஒன்பது ஆண்டு ஏடும் எழுத்தாணியும் இருந்தன. பரிசு கிடைத்த பிறகும் தமக்குத் தெரியாதது இன்னும் உண்டு என்று உணர்ந்தாரே, அதுதான் அவரைப் பண்டிதர் என்ற நிலையிலிருந்து தமிழ்த் தாத்தா என்ற நிலைக்கு உயர்த்தியது.