காயிதே மில்லத்



நம்ம திண்டுக்கல் மாவட்டம் 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்தது. கொஞ்ச காலம் அதுக்கு காயிதே மில்லத் பெயர் இருந்தது. 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்துட்டாங்க. அவர் யாருன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் முகம்மது இஸ்மாயில். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக பி.ஏ. தேர்வையே எழுதாமல் விட்டார். பின்பு சென்னை மாகாண முஸ்லிம் லீக் தலைவர் ஆனார்.

1947-ல் அந்தக் கட்சி கேட்ட பாகிஸ்தான் தனி நாடாகப் பிரிந்தது. ஆனால் இவர் போகவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு எங்கே போவது? இனி கட்சியே வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். அவர் கலைக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. அவரே தலைவர்.

அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கேட்டார். கிடைக்கவில்லை. பழமையைப் பார்த்தால் தமிழுக்குத்தான் ஆட்சிமொழி ஆகும் தகுதி என்று வாதாடினார். அதுவும் நடக்கவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. தேர்தலில் நின்று 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்து மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனார். தமிழருக்கு மலையாள மக்கள் ஓட்டுப் போட்டார்கள் பாருங்கள்!

அதே 1947-ல் பாலஸ்தீனத்தை யூதர்களுக்கும் அரபு மக்களுக்கும் இரண்டாகப் பிரிக்க ஐ.நா. சபை முடிவு செய்தது. இரண்டு மக்களும் ஒரே கூட்டாட்சி நாட்டில் வாழட்டும் என்று இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சொன்ன யோசனை எடுபடவில்லை. அதன்பிறகு அங்கே எத்தனை போர்கள், எத்தனை அகதிகள்!

சேர்ந்து வாழ்ந்தால் சண்டையே வராதுன்னு நான் சொல்லவில்லை. வீட்டிலேயே வருதே! ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவரும் பயப்படாமல் எழுந்து கேட்கணும், மற்றவர் காது கொடுக்கணும். அப்பத்தான் அது இரண்டு பேருக்கும் சொந்த வீடு. காயிதே மில்லத் வாழ்க்கையில் நான் படித்த பாடம் இது. நம்ம ஊரிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் பேகம்பூர் பள்ளிவாசலும் இருக்கின்றன. இரண்டும் நம்முடையவைதான்.

1972 ஏப்ரல் 5 அன்று அவர் காலமானார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம் செய்யப்பட்டார். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் அவரை நாம் மறக்க வேண்டாம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி