கடல் கடந்த கருணை

தலைவர்களின் வரலாற்றில் வெற்றிகள் பல விளங்கும். ஆயினும், பசித்தவனுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே என் போன்ற ஏழை மாணவனின் அளவுகோல். அந்த அளவுகோலைக் கையிலேந்தி, மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். அவர்களின் வாழ்வை இங்கே நோக்குகிறேன்.

1917 ஜனவரி 17-ஆம் நாள் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார் அவர். பிஞ்சு வயதிலேயே தந்தையை இழந்தார். அன்னை சத்தியபாமா கும்பகோணத்தில் வறுமையோடு போராடினார். படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கம்பெனிதான் சோறு போட்டது. அந்தப் பசியை மறவாத அவர், 1977-இல் முதலமைச்சரானார். 1982-இல் சத்துணவுத் திட்டம் தந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் பள்ளியில் இருத்தியதும் அந்தச் சோறுதான்!

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர் மீது கொடிய வன்முறை பாய்ந்தது. படகேறி வந்தோருக்குத் தமிழகம் இடமளித்தது. வர இயலாதவர் நிலை என்ன? 1987-இன் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் முதலியன செல்லாதபடி கொழும்பு அரசு தடை விதித்தது. தன்னை ஆளும் அரசே பகையானால் குடிமக்கள் யாரிடம் கையேந்துவர்?

எம்.ஜி.ஆர். 4 கோடி ரூபாய் உதவி அறிவித்தார். கொழும்பு கொதித்தது. ஜூன் 3-ஆம் நாள் இந்தியா அனுப்பிய 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாளே ஐந்து இந்திய விமானங்கள் ஏறத்தாழ 25 டன் நிவாரணப் பொருள்களை யாழ்ப்பாணத்தில் வானிலிருந்து இறக்கின. 'பூமாலை' என்பது அந்நடவடிக்கையின் பெயர். இலட்சக்கணக்கானோருக்கு 25 டன் எம்மாத்திரம்? ஆயினும், தாங்கள் கைவிடப்படவில்லை என்பதை அம்மக்கள் அன்று அறிந்தனர்.

ஒன்றை மறைத்தல் முறையாகாது. முதல்வர் அறிவித்த தொகை ஆயுதம் ஏந்திய இயக்கங்களின் வழியே செல்வதாய் இருந்தது. பசித்தவனுக்கான பணம் துப்பாக்கி ஏந்தியவன் கையில் சேர்ந்தால், அது சோறாகுமா, தோட்டாவாகுமா? அவரைப் போற்றும் நாமே இக்கேள்வியையும் கேட்க வேண்டும். அவரது இரக்கம் உயர்ந்தது. சென்ற வழியோ ஐயத்திற்குரியது என்பதே என் துணிபு.

அவ்வாண்டு ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 24-இல் அவர் மறைந்தார். போர் மட்டும் 2009 வரை ஓயவில்லை.

மாணவத் தோழர்களே! நம் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இன்றும் இருக்கிறது. அன்று கடலைத் தாண்டிச் சென்றது கருணை. இன்று நாம் தாண்ட வேண்டியது ஒரு தெருவைத்தான். தாண்டுவோமா?