சங்கிலியால் நாட்டை அளந்த லாம்டன்

ரிப்போர்ட்ல மேப் ஒட்டி, கீழே இன்டர்நெட்னு மட்டும் எழுதறோம். அந்த மேப்புக்குப் பின்னால ஒரு மனுஷனோட ஆயுசே இருக்கு.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும். அதனால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார். மலையில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில்ல கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கிடுச்சு. தானே உட்கார்ந்து சரிசெய்தார். 1823-ல் ஹிங்கன்காட்டில், பணியிலிருக்கும்போதே இறந்தார்.

எல்லாத்தையும் குறிச்சு வச்சதாலதான் பின்னால வந்தவங்க சரிபார்க்க முடிஞ்சுது. கீழச்சிவல்பட்டி ஊருணிகளைப் பத்தி புராஜெக்ட் பண்றவங்க, மேப்புக்குக் கீழே வெளியிட்ட நிறுவனம், தாள் எண், அளவுகோல், பதிப்பாண்டு நாலையும் எழுதுங்க. ஆண்டு இல்லைன்னா, காணாமப்போன ஊருணி எப்போ இருந்துச்சுன்னு யார் நம்புவாங்க?