உலகம் தாமதமாகப் படித்த இரண்டு பக்கங்கள்: காலரா நச்சைக் கண்டறிந்த டாக்டர் சம்பு நாத் டே

வாந்திபேதி என்று ஊரே நடுங்கிய காலரா, திடமாக இருப்பவரையும் ஒரே நாளில் சாய்த்துவிடக்கூடிய நோய். அந்தக் கிருமி உடலுக்குள் என்னதான் செய்கிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை கண்டவர், கல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் பேராசிரியர் டாக்டர் சம்பு நாத் டே. ஆனால், அந்த விடையின் அருமையை உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர் டே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1939இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று, நோயியல் அறிஞர் ராய் கேமரூனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, 1949இல் முனைவர் பட்டத்துடன் ஊர் திரும்பினார். அப்போது கல்கத்தா மருத்துவமனைகளுக்குக் காலரா நோயாளிகள் வந்துகொண்டே இருந்தனர். டே தம் ஆய்வை அந்த நோயின் பக்கம் திருப்பினார்.

1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், அந்தக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது என்று கருதினார். ஆனால், அதை அவரால் மெய்ப்பிக்க முடியவில்லை. பின்வந்தவர்களில் பலர், கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, காலராவின் அடையாளமான வயிற்றுப்போக்கு மட்டும் வரவில்லை.

தேட வேண்டிய இடம் குடல்தான் என்று டே முடிவு செய்தார். மயக்க மருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமிக் கரைசலைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீரால் உப்பியிருந்தது. சக ஆய்வாளர் டி.என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து 1953இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். விலை உயர்ந்த கருவி எதையும் நம்பியிராத இந்த முறை, பிற்காலத்தில் வயிற்றுப்போக்கு ஆய்வுக்கூடங்களில் வழக்கமான சோதனையாயிற்று.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி வெளியிடும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பது இதனால் தெளிவானது. கோக் சொல்லி 75 ஆண்டுகள் கழித்து, 1959 மே மாதம், ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது. அதே ஆண்டு பம்பாயில் என்.கே. தத்தா குழுவினரும் வேறு வழியில் நச்சுக்கான சான்றுகளை வெளியிட்டனர்.

தொடக்கத்தில் அந்த இரண்டு பக்கங்களைப் பலர் கவனிக்கவில்லை. நச்சைத் தனியே பிரித்துத் தூய்மைப்படுத்துவதற்கான வசதி டேயின் ஆய்வுக்கூடத்தில் இல்லை. அந்தப் பணி அமெரிக்காவில் ரிச்சர்டு ஃபிங்கெல்ஸ்டைன் குழுவினரால் 1969இல் நிறைவேறியது. 1973இல் டே கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் போட்ட பாதையிலோ பயணம் நிற்கவில்லை. நச்சு குடல் சுவரை அழிப்பதில்லை, நீரை மட்டுமே வெளியேற்றுகிறது என்பது உறுதியானது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்கு இது வலுவான விளக்கமாயிற்று. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் அந்த நீரைக் கொண்டே ஏராளமானோரைக் காப்பாற்றினார். நோய் எதிர்ப்பாற்றல் துறையிலும் பலன் கிட்டியது. வாய்வழிக் காலரா தடுப்பு மருந்துகளுள் ஒன்றில், நச்சின் தீங்கற்ற பகுதியே எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சேர்க்கப்படுகிறது.

1978இல் ஸ்டாக்ஹோமில் காலரா குறித்து நடந்த நோபல் கருத்தரங்கிற்கு டே அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை அப்பரிசுக்கு முன்மொழிந்தார். ஆனால் பரிசு கிடைக்கவில்லை. சொந்த நாட்டின் அறிவியல் கழகங்களும் அவரைத் தேடி வந்து சிறப்பிக்கவில்லை. 1985 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் காலமானார்.

எந்த ஆய்வுக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு, மறு ஆண்டு காலரா ஆய்வுகளின் வரலாற்றை வரைபடமாக்கினார். பலர் கவனிக்கத் தவறிய அந்த 1959 கட்டுரையை, அவ்வரலாற்றின் மைல்கல் என்று அவர் அடையாளம் காட்டினார். 1990இல் இந்தியாவின் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் டேக்காக ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.