வட்டிக்கொடுமையைக் கேட்டவர் தொடங்கிய வங்கி

மொன்றியலில் இருக்கிற எங்கட ஆக்களில் கனபேருக்கு டெஜார்டன் என்றால், சென் கத்தரின் தெருவோரம் நிற்கும் அந்தப் பெரிய கட்டடத் தொகுதிதான் நினைவுக்கு வரும். சிலருக்குச் சம்பளம் வந்து விழும் கணக்கு, கார் காப்புறுதி. அது ஒரு மனிதரின் பெயர் என்று நான் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

அல்போன்ஸ் டெஜார்டன் 1854இல் கியூபெக்கின் லெவி ஊரில், 15 பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பத்திரிகையாளராக இருந்து, 1892இல் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளர் ஆனார். மற்றவர்கள் பேசுவதை எழுதுவதுதான் வேலை.

1897 ஏப்ரலில் மொன்றியல் உறுப்பினர் மைக்கேல் குவின் கடும் வட்டிக்கு எதிராக ஒரு மசோதாவை முன்வைத்துப் பேசினார். 150 டொலர் கடன் வாங்கிய ஒரு மொன்றியல்காரர், வட்டியாக மட்டும் 5,000 டொலர் கட்ட வேண்டி வந்த வழக்கை அவர் சபையில் சொன்னார். பெரிய வங்கிகள் தொழிலாளியையும் சின்ன விவசாயியையும் திரும்பியும் பார்க்காத காலம் அது. எழுதி முடித்ததோடு டெஜார்டன் அதை மறந்துவிடவில்லை. மூன்று வருடம் ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளைப் பற்றிப் படித்தார், அங்குள்ளவர்களோடு கடிதத் தொடர்பு வைத்தார்.

1900 டிசம்பர் 6ஆம் தேதி லெவியில் முதல் மக்கள் வங்கி உருவானது. அடுத்த ஜனவரியில் முதல் நாள் சேர்ந்த பணம் 26 டொலர் 40 சதம். ஒரு பங்கு 5 டொலர். அதையும் சில்லறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. காசு போடுபவரும் கடன் வாங்குபவரும் முதலாளியும் ஒரே ஆள்தான்.

இதில் அவருக்குப் பெரிய ஆபத்தும் இருந்தது. 1906இல் கியூபெக் சட்டம் வரும்வரை இந்த வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை. அது விழுந்தால் அவருடைய சொந்த வீடு வாசலும் போயிருக்கும். அவர் ஒட்டாவாவில் இருந்த மாதங்களில் கணக்கையும் கவலையையும் சுமந்தவர் மனைவி டோரிமேன். அந்தம்மா இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். கடைசி வருடங்களில் நோயோடு போராடிய டெஜார்டன் 1920இல் காலமானார். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் வங்கிகள் தோன்றிவிட்டன.

இது எங்களுக்குப் புதிய விசயம் இல்லை. கிட்டத்தட்ட அதே வருடங்களில் சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் விவசாயக் கடன் வங்கிகள் பற்றி அறிக்கை எழுதினார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஊரில் சங்கக்கடையும் சிக்கனக் கடன் சங்கமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டெஜார்டனின் யோசனை உடனே விளங்கும்.

இப்போது அது மிகப் பெரிய நிதி நிறுவனம். பெருக்கப் பெருக்க உறுப்பினர் வெறும் வாடிக்கையாளராகிவிடும் அபாயமும் கூடுகிறது. ஊர்க் கிளைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2019இல் உள்ளே வேலை செய்த ஒருவரால் உறுப்பினர்களின் தனிப்பட்ட தகவல்கள் வெளியே போனது தெரியவந்தது. பாதிக்கப்பட்டோர் சுமார் 97 இலட்சம் பேர். நிறுவனம் அதை வெளியே சொன்னது, பாதுகாப்பு வசதி கொடுத்தது, பிறகு சுமார் 20 கோடி டொலர் வரையான இழப்பீட்டுக்கும் ஒத்துக்கொண்டது. ஆனால் தவறு இரண்டு வருடத்துக்கு மேல் கண்ணில் படாமல் நடந்ததே, அதற்கு இழப்பீடு மட்டும் பதிலாகாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி இன்று எத்தனையோ வழவழப்பான அறிக்கைகள் வருகின்றன. டெஜார்டனிடம் அப்படி அறிக்கை எதுவும் இருக்கவில்லை. பாதிக்கப்படக்கூடியவர் கையிலேயே வாக்கைக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வாக்கு இன்றும் இருக்கிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் உபரிப்பணத்தை என்ன செய்வது, நிர்வாகத்துக்கு யார் வருவது என்று கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. எங்கட ஆக்கள் கோயில் நிர்வாகத் தேர்தலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அங்கே காட்டினாலே போதும். காசு எங்கட காசு, கேள்வியும் நாங்கள்தானே கேட்க வேண்டும்?