பிரமிடு, குமரிக்கண்டம்... சேலத்தில் பாடம் நடத்திய பாவாணரின் கணக்கு எங்கே இடிக்கிறது?

எகிப்து பிரமிடைக் கட்டினதே குமரிக்கண்டத் தமிழர்தான், அங்கே கும்பிட்ட ‘ரா’ நம்ம சூரியன்தான்... இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். குமரிக்கண்டம்னு பேச்செடுத்தாலே சாட்சிக்கு இழுக்கப்படும் பெயர், மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர்.

யார் இவர்? 1902-ல் சங்கரன்கோவிலில் பிறந்தவர். 1944 முதல் 1956 வரை, 12 வருஷம் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பாவலரேறு பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் படித்தவர்தான். அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1961-ல் அங்கிருந்தும் வெளியேறினார்.

1966-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். உலகின் முதல் செம்மொழி தமிழ், மனிதன் தோன்றியது கடலில் மூழ்கிய குமரிக்கண்டத்தில் என்பது அவர் வாதம். அந்த நாகரிகத்துக்கு கி.மு. 50,000 என்று காலமும் குறித்தார்.

இங்கேதான் கணக்கு இடிக்குது. ‘லெமூரியா’வை 1864-ல் முன்வைத்தவர் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். லெமூர் இனங்கள் மடகாஸ்கரிலும் இந்தியப் பக்கமும் எப்படி வந்தன என்று விளக்கத்தான் அதை யோசித்தார்; அதில் தமிழும் இல்லை, தமிழரும் இல்லை. கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் உறுதியானதும் அந்தக் கண்டம் தேவையில்லாமல் போச்சு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்ததும், குமரிக் கரையோரம் நிலம் மூழ்கியதும் உண்மை. ஆனா அது கரையோரம், கண்டம் இல்லை.

சரி, பிரமிடு? 2013-ல் செங்கடல் ஓரம் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரேர் என்ற அதிகாரி, கூஃபு மன்னரின் பிரமிடுக்காகச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிப்போன வேலையை நாள்வாரியாக எழுதிவைத்த டைரி அது. 4,500 வருஷப் பழசு. எழுதினது எகிப்தியர், மொழியும் எகிப்து மொழி.

எகிப்தில் தமிழன் தடம் இல்லாமலும் இல்லை. குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவை கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கிலானவை. அப்போதே பிரமிடுக்கு வயசு 2,500-ஐத் தாண்டியிருந்தது. ஃபார்வர்டில் இது ஏனோ வர்றதில்லை.

பாவாணரின் பெரிய உழைப்பு வேறு இடத்தில் இருக்கு: சொற்களின் வேர் தேடும் வேலை. 1974-ல் அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநர். 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பேசியபின் உடல்நலம் குன்றி அங்கேயே காலமானார். அகரமுதலியின் முதல் மடலம் 1985-ல்தான் அச்சாகி வெளிவந்தது.